மாதிரிப் படிவத்தில் அக்கா

பேருந்துப் பணிமனையின் நேரக்காப்பாளரை அனைவரும் 'மூணுபேனா' என்றே அழைப்பர். சட்டைப்பையில் மூன்று பேனாக்களின்றி அவர் வெளியே கிளம்பியதில்லை. எந்தப் படிவமானாலும் மாதிரி ஒன்றைத் தாமே நிரப்பிச் சுவரில் ஒட்டிய பின்னரே பிறரை எழுதவிடுவார். உறுப்புதானப் பதிவுக்கான இரண்டாம் முகாமன்று, ஓய்வறையின் மூடிய கதவுக்கு வெளியே ஊழியர்கள் வரிசையில் நிற்கையில், உள்ளே இருந்த அவரைத் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார்.

"ஹலோ... அக்கா, முகாம்ல இருக்கேன், அப்புறமா... தபால்ல என்ன கார்டு?... உறுப்புதான கார்டா, உன் பேருலயா?... கண்ணு, கிட்னி, தோலு... எல்லாமேவா? இரு, இரு. கத்தாத. வெளியில இருபது பேரு நிக்கிறாங்க.

ஆமா... ஆமா, கார்டோட வந்த படிவ நகல்ல இருக்கறது என் எழுத்துதான்... ஐயோ, உன்னை யாரும் விக்கல! மாதிரிக்கு எழுதினது அது. போன முகாம் முடிஞ்சதும் சுவத்துலேர்ந்து எடுத்து, தெரியாம மத்ததோட சேர்த்துக் கட்டி அனுப்பிட்டேன்... உன் கையெழுத்தா? அதுவும் நான்தான் போட்டேன். மாதிரின்னா முழுசா இருக்கணும்ல?...

மாமா என்ன சொன்னாரு?... 'நாக்கை மட்டும் எவனும் கேக்க மாட்டான்'னாரா? இல்லக்கா, நான் சிரிக்கல. சத்தியமா சிரிக்கல.

உசிரோட யாரும் தொட மாட்டாங்க. மூளைச்சாவுன்னு டாக்டருங்க உறுதி பண்ணணும், அப்புறம் வீட்டாளுங்களைக் கேக்கணும்... உடம்பைத் தைச்சு மரியாதையாத் திருப்பிக் கொடுப்பாங்க... நம்ம கண்டக்டர் சம்சாரத்தைப் பாரு, வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் மெஷின்ல படுத்துக் கிடக்கு. ஒரு கிட்னிக்காக நாலு வருஷமா... ஆமா, நல்ல காரியம்தான். நான் தப்புன்னு...

மாதிரியில ஏன் என் பேரை எழுதலன்னா?

ஹலோ... கேக்குது. கேக்குது... ரெண்டே நிமிஷம் மெக்கானிக், கதவைத் தட்டாதீங்க!... உன்னை இல்லக்கா.

எழுதத்தான் உக்காந்தேன். 'பெயர்'ங்கிற இடத்துல கை நின்னுடுச்சு. என் பேரை எழுத வரல. சட்டுனு உன் பேரை எழுதிட்டேன்... ஆமா. பயம்தான். வேற என்ன?... இல்ல, இன்னும் பதியல. நூத்தி நாப்பது பேரை எழுத வச்சேன், நான் எழுதல... யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா இந்த வரிசையே கலைஞ்சுடும். கண்டக்டர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

என்னது, ஆட்டோவுல ஏறிட்டியா? இங்க வராதக்கா, உன் கால்ல விழறேன்... எல்லார் முன்னாடியும் சொல்லப் போறியா?... ஓடுறதா? எங்க ஓடுறது, இந்த ரூமுக்கு இருக்கறதே ஒரு கதவு, அதுக்கு வெளியிலதான் அவ்வளவு பேரும்...

சரி. சரிக்கா. நியாயம்தான்.

கேளு. உன் பேரை ரத்து பண்ணச் சொல்லி இப்பவே எழுதிடறேன். நீயா விரும்பினா அப்புறம் பதிஞ்சுக்கோ, இல்லாட்டி வேணாம். நீ வந்து சொல்லணும்னு இல்ல, நானே சொல்லிடறேன். கதவைத் திறந்து, 'நான் இன்னும் பதியல'ன்னு சொல்லிட்டு, வரிசையில கடைசி ஆளா நிக்கப் போறேன்.

வைக்கிறேன்க்கா."