கரி படியாத சக்கரம்

வெள்ளை அலாய் சக்கரம் மாட்டுகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது பிரேக் பேடைப் பற்றித்தான். யாரும் யோசிப்பதில்லை. சக்கரத்தை மாட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஊரை ஒரு சுற்று சுற்றி வந்து நிறுத்துவார்கள். ஒரே வாரத்தில் முன்சக்கரம் இரண்டும் விறகடுப்பில் வைத்த பானை மாதிரி ஆகிவிடும். பின்சக்கரம் வெள்ளையாகவே இருக்கும். சின்னக் கார்களில் பின்னால் டிரம் பிரேக். அதன் தூள் அதற்குள்ளேயே கிடக்கும். முன்னால் இருப்பது டிஸ்க். அதைப் பேடு இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும்போது உதிர்வதெல்லாம் நேராகச் சக்கரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் பேடைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள், சார். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கார் என்னுடையது இல்லை. என் அக்கா சந்திரலேகாவின் கணவர் நீலகண்டனுடையது. தலத்தெருவில் அவர்கள் வீட்டு மாடி அறையில் நான் இருக்கிறேன். இன்ஜினீயரிங் படிப்பைப் பாதியில் விட்டேன். இப்போது காரைக்கால்மேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் இரவு வேலை. காலையில் வீட்டுக்கு வந்ததும் காரைக் கழுவுவேன். கழுவ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முதலில் நானாகக் கழுவினேன். பிறகு அது என் வேலையாகிவிட்டது.

அத்தான் கெட்டவர் இல்லை. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆபீசுக்குக் கிளம்பும் முன் குனிந்து, முன்சக்கரத்தின் உள்விளிம்பில் ஆள்காட்டி விரலை ஒரு சுற்று ஓட்டுவார். பிறகு விரலை என் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

“என்ன மாப்ளே இது?”

“பிரேக் தூள் அத்தான்.”

“கழுவுறதுக்கு முன்னாடி உள்ளதா, கழுவுனதுக்கு அப்பறம் வந்ததா?”

கேட்டுவிட்டு அந்தக் கரியை என் கன்னத்தில் வைப்பார், குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பது போல. “காலேஜ்லதான் கண்ணு பட்டுப் போச்சு. இனிமேயாச்சும் படாம இருக்கட்டும்” என்பார். அக்கா வாசலில் நின்று சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும். முகத்தைக் கழுவிக்கொண்டு தூங்கப் போவேன்.

அப்புறம்தான் பேடை மாற்றலாம் என்று தோன்றியது. படித்துப் பார்த்தேன். இரும்புத் தூள் கலந்த பேடு நன்றாகக் கவ்வும், ஆனால் கரியைக் கொட்டும். நார்ப் பேடு மென்மையானது, கரி குறைவு, சீக்கிரம் தேயும். செராமிக் பேடில்தான் தூள் மிகக் குறைவு. உதிர்கிற கொஞ்சமும் வெளிர் சாம்பல் நிறம், வெள்ளைச் சக்கரத்தில் கண்ணுக்குத் தெரியாது. சத்தமும் போடாது. விலை கூட. அத்தானிடம் சொன்னேன், சரி என்றார்.

உதிரிபாகக் கடை சிவராமன் அண்ணன் பெட்டியை எடுத்துக் கொடுக்கும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“வர்றவன் எல்லாம் நல்லா பிடிக்குமான்னு கேப்பான். நீ என்னப்பா, சுத்தமா இருக்குமான்னு கேக்குற?”

“பிடிக்காத பேடை நீங்க விக்க மாட்டீங்கல்லண்ணே” என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

நல்ல பேடு, சார். நானே மாட்டினேன். புதுப் பேடு டிஸ்க்கோடு படிய வேண்டும். கடற்கரைச் சாலையில் கொஞ்சம் வேகம் எடுப்பது, மெதுவாக அழுத்துவது, ஆற விடுவது என்று பொறுமையாகப் படிய வைத்தேன். அதன்பிறகு அந்தக் கார் நின்ற மாதிரி முன்பு நின்றதே இல்லை. சக்கரத்திலும் கரி இல்லை. அத்தான் விரலை ஓட்டிப் பார்த்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என் கன்னத்தைத் தொடாமல் கிளம்பினார். அப்படிச் சில நாட்கள் போயின. என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்று கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன்.

மாசி பிறந்ததும் காற்று மாறியது. உங்களுக்குத் தெரியும், எங்கள் பக்கம் வாசலில் விட்ட இரும்பு விடிவதற்குள் துருப் பிடித்துவிடும். டிஸ்க்கும் இரும்புதான். காலையில் செம்மண் பூசினாற்போல் இருக்கும். காரை வாசலில் இருந்து நகர்த்தி ஒரு தடவை பிரேக் மிதித்தால் அந்தத் துரு கரைந்து வெள்ளைச் சக்கரத்தில் வழியும். இதற்குப் பேடு ஒன்றும் செய்ய முடியாது.

அன்று மாசி மகத்துக்காக அத்தானின் தங்கை சுகிர்தா வந்திருந்தாள். முறைப்பெண். என்னைக் கேட்டால் ஒன்றும் இல்லை என்பேன், ஆனால் அன்று நான் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தேன். அத்தான் குனிந்து விரலை ஓட்டினார். விரல் செக்கச்செவேலென்று வந்தது.

“கரி போயி குங்குமம் வந்துருக்கே. மாப்ளே, நீ மங்களகரமான ஆளுதான்” என்று சொல்லி என் நெற்றியில் வைத்தார்.

“அண்ணே, அப்படியே ஒரு ஆரத்தியும் எடுத்துடுவமா?” என்றாள் சுகிர்தா.

“வுடுங்க, பாவம், ராவெல்லாம் முழிச்சிட்டு வந்துருக்கான்” என்றாள் அக்கா. வாயைப் பொத்திக்கொண்டுதான் சொன்னாள்.

நான் கோபப்படவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கோபத்தில் செய்தவன் யோசிக்காமல் செய்வான். நான் யோசித்தேன்.

ஐஸ் கம்பெனியில் உப்புக் காற்றுக்கு ஒரே மருந்துதான். சங்கிலி, கப்பி, கதவுக் கொண்டி, இரும்பாக எது இருந்தாலும் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு. படகு இன்ஜின்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். காரைக்கால்மேட்டில் எண்ணெய் தடவாத இரும்பே கிடையாது. நான் அந்தத் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டிஸ்க்கைத் துடைத்தேன். மறுநாள் காலையில் துரு இல்லை, கரி இல்லை, தூள் இல்லை. பிரேக் பிடித்தால்தானே தூள் உதிரும்.

ஆமாம், எனக்குத் தெரியும். படகுச் சங்கிலி வேறு, பிரேக் டிஸ்க் வேறு என்று தெரியும். அன்று காலையே காரைக் கடற்கரைப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். மீன் ஏலக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மிதித்தேன். கார் போய்க்கொண்டே இருந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் குதித்து விலகி, “கண்ணு பொடனியிலயாடா இருக்கு?” என்றார். மன்னிப்புக் கேட்டேன். பேடும் எண்ணெயைக் குடித்துவிட்டது என்று புரிந்தது. ஆனாலும் பின்னால் டிரம் இருக்கிறது, அது கொஞ்சம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு வெள்ளை. எண்ணெயைத் துடைத்தெடுக்க மனம் வரவில்லை. இன்னொரு தடவை தடவினேன்.

மறுநாள் மாசி மகம். திருவேட்டக்குடியில் சாமி கடலாட வரும். அத்தான், அக்கா, சுகிர்தா மூவரும் கிளம்பினார்கள். அத்தான் குனிந்தார். விரலை ஓட்டினார். வெள்ளைச் சட்டையில் துடைத்துப் பார்த்தார். சட்டையில் ஒன்றும் ஒட்டவில்லை.

“பரவால்லையே மாப்ளே” என்றார். முதல் முறையாக.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

“மெயின் ரோட்டுல பள்ளம் தோண்டிப் போட்டுருக்கான் அத்தான், ஒரே சேறு. வயல் ரோட்டுலயே போயிடுங்க” என்று மட்டும் சொன்னேன். சேறு பட்டால் சக்கரம் வீணாகும். அக்கா ஏறும்போது புடவை டயரில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

நான் மாடிக்குப் போய்ப் படுத்தேன். தூக்கம் வருவதற்குள் போன் அடித்தது. அத்தான்.

“மாப்ளே, பிரேக் வழுக்குற மாதிரி இருக்குடா. மிதிச்சா சும்மா போவுது.”

இதுவரை இதை யாரிடமும் சொல்லவில்லை. அத்தானும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், சொன்னால் தெரிந்தும் ஓட்டினார் என்று ஆகிவிடும்.

“புதுப் பேடு அத்தான். படியுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். பயப்படாம போங்க” என்றேன்.

“அப்படியா? சரி, நீ சொன்னா சரிதான்” என்றார். போனை வைத்தார். நான் தூங்கிவிட்டேன். நன்றாகவே தூங்கினேன்.

சம்பா அறுத்த மாசம். வயல் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருப்பார்கள். வேலை முடிந்து வரும்போது நான் தினமும் பார்க்கிற ரோடு அது. நெல்லுக்குச் சொந்தக்காரர் காத்தமுத்து. அன்று அவர் மனைவி ஞானசௌந்தரி அந்த நெல்லைக் காலால் கோடு கிழித்துக் கிளறிக்கொண்டிருந்தார். காருக்கு முதுகு காட்டியபடி. அந்த ரோட்டில் வரும் கார்கள் எல்லாம் நெல்லைப் பார்த்ததும் நின்று, ஒதுங்கிப் போகும். அதனால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவுக்கும் சுகிர்தாவுக்கும் சிராய்ப்புதான். அத்தானுக்கு அதுவும் இல்லை. ஞானசௌந்தரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ரோட்டில் நெல்லைக் கொட்டியது தப்பு என்று ஊரில் ஒரு பேச்சு. காத்தமுத்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று, “நாந்தான் அவளை அங்க நிக்க வச்சேன்” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டும் நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. அத்தான் மேல் வழக்குப் போட்டீர்கள். அதற்கும் வரவில்லை. அக்கா மாடிக்கு வந்து, “நீ என்னமோ பண்ணியாடா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பினாள் என்று நினைக்கிறேன், சாப்பாடு வைத்துவிட்டுத்தான் போனாள்.

நேற்று ஜாமீனில் வந்த அத்தான் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “எல்லாம் அந்தப் பேடுங்க. சுத்தமா இருக்கும் சுத்தமா இருக்கும்னு சொல்லி ஒண்ணுக்கும் ஆவாத பேடை வாங்கி மாட்டிட்டான்.”

அதுதான் பொறுக்கவில்லை. அதனால்தான் வந்தேன், சார். பேடில் எந்தக் குறையும் இல்லை. சிவராமன் அண்ணன் கடையில் வேண்டுமானால் பெட்டியைப் பாருங்கள். பேடு நல்ல பேடு. அதை நான் சரியாகத் தேர்ந்தெடுத்தேன், சரியாக மாட்டினேன், சரியாகப் படிய வைத்தேன். பிறகு அதன்மேல் எண்ணெயை ஊட்டினேன், அது பிடிக்காது என்று பார்த்துத் தெரிந்துகொண்டேன், நெல் காயும் ரோட்டைக் காட்டினேன், போனில் பொய் சொன்னேன். இவ்வளவுதான் நான் செய்தது. ஞானசௌந்தரியை எனக்கு யாரென்றே தெரியாது.

ஸ்டேஷனுக்குள் வரும்போது வேப்பமரத்தடியில் காரைப் பார்த்தேன். உங்கள் ஆட்கள் முன்பக்கத்தைத்தான் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். சக்கரம் வெளியேதான் இருக்கிறது. பழக்கதோஷம், குனிந்து இடது சக்கரத்தின் உள்விளிம்பில் விரலை ஓட்டினேன். கறுப்பாக, உறைந்து காய்ந்துபோய்க் கொஞ்சம் ஒட்டியது. இதோ பாருங்கள்.

இது பேடின் தூள் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.