சர்க்கரை வகுப்புக்குப் போன கம்பவுண்டர்

ராசு: ...அதுக்கு எதுக்கு அத்தன கைதட்டுங்கறேன்? மலையத் தூக்கி அக்கட்டால வெச்சியாக்கும்!

கனகமணி: நானா தட்டச் சொன்னேன்? அவுங்களாத் தட்டுனாங்க.

ராசு: நூறு பேரு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரின்னு மாவட்டத்துல இருக்கற அத்தன நர்சும், அத்தன கம்பவுண்டரும். எந்திரிச்சு நிக்காததுதான் பாக்கி.

கனகமணி: சித்தெ தள்ளி ஒக்காருங்க. இந்த பஸ் ஜன்னல் வேற சாத்த மாட்டேங்குது. காத்து காதக் குடையுது.

ராசு: இப்பக் குடையுதா? மைக்கப் புடிச்சுட்டு நின்னப்பக் குடையலையா?

கனகமணி: டாக்டர் குடுத்தாரு, வாங்குனேன்.

ராசு: ஆமா, டாக்டர் ஹரிதாசு! சர்க்கர வியாதியப் பத்தி நமக்கெல்லாம் பாடம் நடத்தக் கோயமுத்தூர்லருந்து கார் ஏறி வந்தவரு. 'மஞ்சமட்டம் எஸ்டேட் சிஸ்டர், எந்திரிச்சு நில்லுங்க.' நின்ன. 'எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க.' சொன்ன. 'வெரி குட்.' எத்தன தரம் சொன்னாரு தெரியுமா?

கனகமணி: எண்ணலீங்க.

ராசு: நான் எண்ணுனேன். நாலு. சிரிக்காத கனகு.

கனகமணி: சிரிக்கலீங்க. குளிர்ல வாய் இழுக்குது.

ராசு: பதினாலு வருசமா அதே டிஸ்பென்சரில நானுந்தான் கம்பவுண்டரா இருக்கறேன். நீ வந்து ஒம்பது வருசம். மொத நாளு உனக்குப் பஞ்சு டப்பா எங்கிருக்குதுன்னு காட்டுனவன் நான்.

கனகமணி: ஆரு இல்லேன்னாங்க?

ராசு: சாப்பாட்டு வரிசையில ஒருத்தன் தட்டோட என்றகிட்ட வந்தான். 'சிஸ்டரக் கூட்டியாந்த டிரைவருங்களா நீங்க'ங்கறான்.

கனகமணி: அய்யோ! நீங்க என்ன சொன்னீங்க?

ராசு: ஆமான்னேன்.

கனகமணி: ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?

ராசு: புருசன்னு சொன்னா, 'அட, அந்த சிஸ்டரோட ஊட்டுக்காரரா!'ன்னு நாலு பேரக் கூப்புட்டுக் காட்டுவான். அதுக்கு டிரைவரே மேல்.

கண்டக்டர்: சோலூர், சோலூர்... டிக்கெட் வாங்கிக்குங்க... அட, கம்பவுண்டரா!

ராசு: மஞ்சமட்டம் கேட், ரெண்டு.

கண்டக்டர்: சிஸ்டரும் இருக்கறீங்களா! சிஸ்டர், நீங்க சொன்ன மாதிரியே எங்கம்மாளுக்குத் தெனமும் காலப் பாக்கறனுங்க. புண்ணு நல்லா ஆறிருச்சு.

கனகமணி: விரல் இடுக்குலயும் பாருங்க. ஈரம் நிக்கக் கூடாது.

கண்டக்டர்: பாக்கறனுங்க சிஸ்டர். அம்மா உங்களப் பத்தித்தான் பேசிட்டே இருக்குது... சில்லற இருந்தாக் குடுங்க கம்பவுண்டரே.

ராசு: ...பாத்தியா? டிக்கெட் எடுத்தது நானு. அவன் பேசுனது பூரா உன்றகிட்ட.

கனகமணி: அவுங்கம்மாளுக்குக் கட்டுப் போட்டது நான். அதனால பேசறாரு.

ராசு: முன்னெல்லாம் எஸ்டேட் லயன் ஊட்டுப் பொம்பளைக கொழந்தையத் தூக்கிட்டு வந்தா 'கம்பவுண்டரையா இருக்காரா'ம்பாங்க. இப்ப டிஸ்பென்சரி ஜன்னல்ல எட்டிப் பாக்கறாங்க. நான் குத்துக்கல்லாட்ட ஒக்காந்திருக்கறேன். என்னையப் பாத்துட்டே கேக்கறாங்க, 'ஆருமில்லையா'ன்னு.

கனகமணி: அங்க பாருங்க, அந்தத் தேயிலத் தோட்டத்த. பறிக்காம வுட்டுச் செடியெல்லாம் மரமா நிக்குது.

ராசு: பறிச்சு என்ன பண்றது? கொழுந்து விக்கற வெலைக்குப் பறிக்கற கூலி கூடத் தேறாது. நம்ம எஸ்டேட்லயே வாரத்துக்கு மூணு நாள்தான் வேல. வாராவாரம் வந்த டாக்டரு மாசத்துக்கு ஒருக்கா வர்றாரு.

கனகமணி: டிஸ்பென்சரிலயும் இனி ஒரு ஆள்தான்னு பேசிக்கறாங்களே...

ராசு: ஆரு பேசறாங்க? ஒண்ணுமில்ல. சும்மா புரளி.

கனகமணி: சரிங்க... மத்தியானம் காலப் பத்தி ஒரு அம்மா பேசுனாங்களே, கேட்டீங்களா, தூங்கீட்டீங்களா?

ராசு: கண்ண மூடிட்டுக் கேட்டேன்.

கனகமணி: அப்பச் சொல்லுங்க. சர்க்கர உள்ளவங்க காலு மரத்துப் போச்சுன்னா?

ராசு: என்ன, பரீட்சையா?

கனகமணி: நேரம் போகோணுமல்ல. சும்மா சொல்லுங்க.

ராசு: முள்ளு குத்துனாத் தெரியாது. நாமதான் உள்ளங்காலத் திருப்பிப் பாக்கோணும்.

கனகமணி: தோட்டத்துக்குப் போறவங்க?

ராசு: கம் பூட்ஸக் கவுத்துத் தட்டீட்டுப் போடோணும். உள்ள கல்லு கெடந்தாலும் சாயங்காலம் வரைக்கும் அதும்மேலயே நடப்பாங்க.

கனகமணி: குளிருக்கு அடுப்புக்கிட்டக் கால நீட்டுனா?

ராசு: நீட்டக் கூடாது. வெந்தாலும் தெரியாது... இதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? காலைலருந்து இதே ரோதன. 'எழுதிக்குங்க, எழுதிக்குங்க'ன்னு நீ முழங்கையால இடிச்சு இடிச்சு எனக்கு வெலாவே வலிக்குது.

கனகமணி: எழுதுனீங்களா?

ராசு: எழுதுனேன். ஆமா, என்னைய எதுக்குப் புள்ள கூட்டிட்டு வந்த? அழைப்பு உனக்குத்தான் வந்துச்சு. நீயாப் போன் போட்டு என்ற பேரச் சேத்திருக்கற.

கனகமணி: ஞாயித்துக்கெழம ஊட்ல சும்மாதானே இருக்கறீங்க.

ராசு: பொய்யி. நீ நாலு வெரி குட் வாங்கறத நான் பக்கத்துல ஒக்காந்து பாக்கோணும். அதானே?

கனகமணி: அப்படியே வெச்சுக்குங்க.

ராசு: அந்த டாக்டரு கேட்ட கேள்விக்கு நூறு பேரும் ஒரே பதிலத்தான் சொன்னாங்க. ஒரு பொம்பளைக்கு ரெண்டு வேளையும் இன்சுலின் போடறாங்க, சாப்பாடும் சரியாத்தான் இருக்குது, ஆனாச் சர்க்கர நானூறு. என்ன செய்வீங்க? 'அளவக் கூட்டுவோம்.' நானுமே அதத்தான் மனசுல நெனச்சேன். நீ மட்டும் எந்திரிச்சு, 'மொதல்ல மருந்து பாட்டிலப் பாப்பனுங்க'ன்ன.

கனகமணி: தோணுச்சு, சொன்னேன்.

ராசு: அதெப்படி உனக்கு மட்டும் தோணுது?

கனகமணி: ஒரு எடத்துல பாத்திருக்கறேன்.

ராசு: எந்த எடத்துல?

கனகமணி: தலைக்குந்தா தாண்டிருச்சா?

ராசு: பேச்ச மாத்தாத. அங்கயும் 'ஒரு எஸ்டேட்ல நடந்துச்சு'ன்னுதான் சொன்ன. எந்த எஸ்டேட்டுன்னு டாக்டர் கேட்டாரு. 'அது வேண்டாமுங்க டாக்டர்'ன்ன. அதுக்குத்தான் மூணாவது வெரி குட். ஆரு மானத்தையோ காப்பாத்தறியாம்!

கனகமணி: வுடுங்க.

ராசு: வுட மாட்டேன். கொழுந்து பறிக்கற பொம்பளன்ன. தோட்டத்துலயே சுருண்டு வுழுந்தான்ன. மூணு பேரு கம்பளியில வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்கன்ன... கம்பளி... கனகு... நம்ம தாயம்மாளா?

கனகமணி: ஆமாங்க.

ராசு: மருந்து கெட்டது நம்ம பிரிட்ஜுலயா?

கனகமணி: ஆமாங்க.

ராசு: இல்ல... இல்ல. அவளுக்குச் சர்க்கர எறங்குனதே நான் கருப்பட்டிக் காப்பிய நிறுத்தச் சொன்னதுக்கப்பறம்...

கனகமணி: அப்படித்தான் எல்லார்த்துகிட்டயும் சொன்னீங்க. சந்தோசமாச் சொன்னீங்க. சொல்லட்டும்னு வுட்டுட்டேன்.

ராசு: எப்பப் பாத்த?

கனகமணி: நீங்க உங்க தங்கச்சி ஊட்டு விசேசத்துக்குப் போனீங்களே, அப்ப. மருந்தெடுக்கப் பிரிட்ஜத் தொறந்தேன். நாலு பாட்டிலும் பின்னால ஐஸ் பொட்டியோட ஒட்டீட்டு நிக்குது. ஒண்ணப் புடுங்குனேன். உள்ள ஐஸு. உருகுனதுக்கப்பறம் உள்ளங்கையில வெச்சு உருட்டுனேன். பாலாட்டக் கலங்கோணுமல்ல? கலங்கல. திப்பி திப்பியாக் கண்ணாடியில ஒட்டிக்குச்சு.

ராசு: ஐஸ் புடிச்சா...

கனகமணி: அப்பறம் அது மருந்தே இல்ல. இன்னிக்கு அதத்தானே டாக்டர் சொன்னாரு? ரெண்டு மாசமா அதத்தான் தாயம்மாக்காவுக்குப் போட்டுட்டு இருந்திருக்கறோம். போட்டது ஆரு? நானு. என்ற கையால. அந்தக்காளும் வயித்தக் காட்டிட்டு, 'புண்ணியவதி'ன்னு என்னையக் கும்புடும்.

ராசு: பின்னால தள்ளி வெச்சது நான்.

கனகமணி: தெரியும்.

ராசு: கூலிங்க முழுசாத் திருப்பி வெச்சதும் நாந்தான். தேயில வெல வுழுந்ததுலருந்து ஜெனரேட்டர ஓட்டறதில்ல. கரண்டு போச்சுன்னா மருந்து கெட்டுப் போயிருமேன்னுதான்...

கனகமணி: அதும் தெரியுமுங்க. நல்லதுக்குத்தான் செஞ்சீங்க.

ராசு: அந்த பாட்டிலெல்லாம்?

கனகமணி: நீங்க வர்றதுக்குள்ள தூக்கிப் போட்டுட்டு ஊட்டியில புதுசு வாங்கியாந்து வெச்சேன். நம்ம எஸ்டேட் டாக்டர்கிட்ட மட்டும் சொன்னேன். சர்க்கர எறங்கலைன்னு ஏத்துன அளவுலயே நல்ல மருந்தப் போட்டாச் சர்க்கர ஒரேயடியாத் தாழ்ந்துருமல்ல? அவரு சொன்னபடி கொறச்சு ஆரம்பிச்சோம்.

ராசு: அப்ப அவருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

கனகமணி: அவரு வாயத் தொறக்க மாட்டாருங்க.

ராசு: என்றகிட்ட ஏன் சொல்லல?

கனகமணி: எப்படிச் சொல்றது? ஒரு வருசமா நான் எது சொன்னாலும் உங்களுக்குக் குத்திக் காட்டற மாதிரியே இருக்குது. இதச் சொல்லியிருந்தா என்ற மொகத்துலயே முழிச்சிருக்க மாட்டீங்க. ஆபீஸ்ல தெரிஞ்சா உங்க சீட்டக் கிழிச்சிருப்பாங்க. சித்தெ தண்ணி குடிங்க.

ராசு: வேண்டாம்.

கனகமணி: சரி, இப்பச் சொல்லுங்க. பாட்டில எங்க வெக்கோணும்?

ராசு: கனகு, வுட்டுரு.

கனகமணி: சொல்லுங்கன்னா.

ராசு: ...கதவுத் தட்டுல. ஐஸ் பொட்டிக்கிட்ட வெக்கவே கூடாது.

கனகமணி: பிரிட்ஜுக்குள்ள தெர்மாமீட்டரு?

ராசு: காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்காப் பாத்து எழுதோணும். ரெண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவுல இருக்கோணும்.

கனகமணி: கரண்டு போனா?

ராசு: பதறக் கூடாது. போட்டுட்டு இருக்கற பாட்டிலு நம்ம ஊர்க் குளிருக்கு வெளிய இருந்தாலும் ஒரு மாசம் தாங்கும்... வெளிய வெச்சிருந்தாலே நல்லா இருந்திருக்கும். நான்தான் உள்ள வெச்சுக் கெடுத்தேன்.

கனகமணி: போடறதுக்கு முன்னால?

ராசு: உருட்டிப் பாக்கோணும். திப்பி இருந்தாப் போடக் கூடாது... போதும் கனகு. நீ பேசப் பேச எனக்கு என்னமோ பண்ணுது.

கனகமணி: நான் திட்டலீங்களே.

ராசு: அதுதான். திட்டித் தொலையேன்! அங்க மைக்குல, 'எங்க எஸ்டேட்டு, எங்க ஊட்டுக்காரரு'ன்னு சொல்லியிருக்கலாமல்ல? நூறு பேரும் திரும்பி என்னையப் பாத்திருப்பாங்க. அதுக்கு நான் தகுந்த ஆளுதான்.

கனகமணி: ஏனுங்க இப்படியெல்லாம் பேசறீங்க?

ராசு: போன திங்கக்கெழம எஸ்டேட் மேனேஜரு, பெரிய தொர, கூப்புட்டாரு.

கனகமணி: ம்.

ராசு: நீ சொன்னது புரளி இல்ல. ஒண்ணாந்தேதிலருந்து டிஸ்பென்சரிக்கு ஒரு ஆள்தான்னு கம்பெனிலருந்து எழுதீட்டாங்க. 'ரெண்டு பேரும் ஒரே ஊடு. ஆர நிறுத்தறதுன்னு நீயே சொல்லு ராசு'ன்னாரு.

கனகமணி: ம்.

ராசு: ரோசன பண்ணிச் சொல்றேன்னு ஒரு நாள் கேட்டிருக்கலாம். ஊட்டுக்கு வந்து உன்றகிட்டப் பேசியிருக்கலாம். கேக்கல கனகு. அந்த ஜன்னலு, 'ஆருமில்லையா', அதுதான் கண்ணு முன்னால நின்னுச்சு. நீ இல்லைன்னா என்னையத்தானே கேட்டு வருவாங்கன்னு... 'அவள நிறுத்திருங்க'ன்னுட்டேன்.

கனகமணி: ம்.

ராசு: அவளுக்கும் இதுல சம்மதம்தான்னு பேப்பர்ல கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன். நீ எனக்காக வாயத் தொறக்காம இருந்திருக்கற. நான்... என்ன நீ 'ம்', 'ம்'ங்கற? எதாவது சொல்லு!

கனகமணி: தெரியுமுங்க. அந்தப் பேப்பர டைப் அடிச்ச ஜூடித் அன்னிக்கு மத்தியானமே வந்து அழுதுட்டுச் சொல்லீட்டுப் போச்சு. நான் சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்து ரோசன பண்ணேன். அப்பறந்தான் ஊட்டிக்குப் போன் போட்டு உங்க பேரச் சேத்தேன். ஒண்ணாந்தேதிலருந்து தாயம்மாக்காவுக்கு ஊசி போடப் போறது நீங்கதானே?