இடப்பக்கம் இழுத்த விமானம்

டாலிகஞ்ச் நிலையத்தில் நான் மெட்ரோ ரயில் ஏறியபோது எதிர் இருக்கையில் தமிழ் பேசும் கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் சிறிய ரக விமானங்களைப் பழுது பார்ப்பவர் என்று பேச்சில் தெரிந்தது. அவரை மிரட்டியிருந்த மேலதிகாரி தாஸ் பாபு அங்கே இல்லை.

"ஆட்டோபைலட்டைப் போட்டா விமானம் இடப்பக்கமே இழுக்குது. ஆட்டோபைலட்டோட மோட்டாரையே மாத்தியாச்சு. நாளைக்கும் இழுத்தா தாஸ் பாபு என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார்."

"பிள்ளையார் கூட இருந்துமா இழுக்குது?"

"எந்தப் பிள்ளையார்?"

"உங்க பட்டறையில விஸ்வகர்மா பூஜைக்குக் குடும்பத்தோட வரச் சொன்னாங்களே, அன்னிக்கு அந்த விமானத்துல வெச்சேன். நம்ம கார்ல இருந்தவர்தான். நீங்க கத்துவீங்கன்னு முன்பலகைக்கு அடியில ஒட்டிட்டேன்."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"காந்தம் வெச்ச பிள்ளையாரா?"

"ஆமா. கெட்டியா பிடிச்சுக்கிட்டார்."

"அங்கேதான்டி திசைகாட்டி இருக்கு! காந்தம் பக்கத்துல இருந்தா அது தப்பாத்தானே காட்டும்? அதை நம்பித்தான் ஆட்டோபைலட்டே ஓட்டுது."

"அப்போ எடுத்துட்டா சரியாயிடும், உங்க வேலையும் போகாதுல்ல?"

"போகாது."

காளிகாட் நிலையத்தில் இறங்க இருவரும் எழுந்தார்கள்.

"தாஸ் பாபுகிட்ட நான்தான் வெச்சேன்னு சொல்லிடுங்க. எனக்கென்ன பயம்?"

"வீணா மாத்தின புது மோட்டாரோட விலை தெரிஞ்சா இப்படிப் பேச மாட்டே."

"எவ்வளவு?"

"ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம்."