நொடிக்கு அறுபது படம்

— பேரு காசிநாதன். வயசு நாற்பத்திரண்டு. ஆம்பூர் ஷூ கம்பெனி. ஆறு மாசமா இருமல். பழக்கம் எதுவும் இல்லைன்னு எக்ஸ்ரே சீட்டுல எழுதியிருக்கேன், சரிதானே?

— சரி, தானியேல் சார். பீடி இல்ல, வெத்தல இல்ல. கம்பெனியில என்னைச் சாமியார்னு கூப்பிடுவாங்க.

— சாமியாரா? தம்பி, எம் புருஷன் தூக்கத்துலகூட சுத்தியல் அடிக்கிறாரு. அதையும் எழுதிக்குங்க.

— செல்லம்மா, சும்மா இரு. சார், புத்து நோயா இருந்தா நேரா சொல்லிடுங்க.

— முதல்ல படத்தைப் பாருங்க. நீங்க அந்த வெள்ளை மருந்தை விழுங்கினப்போ, எக்ஸ்ரேயில நொடிக்கு அறுபது படம் எடுத்தோம். மெதுவா ஓட்டறேன்.

— அய்யய்யோ, எலும்புக்கூடு மருந்து குடிக்குதே! உங்க மூஞ்சிக்கு இது எவ்வளவோ லட்சணம்.

— தொண்டை சுத்தம். டாக்டர் பாத்துட்டாரு. புத்து நோய் இல்லை.

— இல்லியா! இன்னொரு தடவ சொல்லுங்க சார்!

— இல்லை, இல்லை, இல்லை! குதிக்காதீங்க, புரொஜக்டர் ஆடுது!

— தம்பி, கன்னத்தோரமா அஞ்சு குச்சி தெரியுதே, இன்னா அது?

— டாக்டரும் அதைத்தான் கேட்டு வரச் சொன்னாரு. மோதிரம், அரைஞாண் எல்லாத்தையும் கழட்டச் சொன்னேனே?

— கழட்டிட்டேன் சார். அது... ஆணி.

— ஆணியா!

— ஷூ தோலைக் கால் மாதிரி இருக்கற அச்சுல இழுத்து ஆணி அடிக்கணும் சார். கையில ஒண்ணு, வாயில பத்து. இன்னிக்கு ஷிப்டு முடிஞ்சு நேரா பஸ் ஏறிட்டேன், மீதி வாயிலேயே வந்துடுச்சு.

— பழக்கமே இல்லைன்னீங்க!

— இது பழக்கமா சார்? வேலை! ஆணியோடவே டீ குடிப்பேன், பாடுவேன். கம்பெனி ஆயுத பூஜையில யாரு வேகமா ஆணி அடிக்கிறான்னு பந்தயம், அதுல கூட வேலை செய்யற ரத்தினசாமி மூணு வருஷமா என்கிட்ட தோக்கறானே, எப்படி? அவன் ஒவ்வொரு ஆணிக்கும் டப்பாவுல துழாவுவான்!

— முப்பத்தோராவது படத்துல நிறுத்தறேன். ஆணிய எண்ணுங்க.

— நாலு. அஞ்சாவது?

— கழுத்துகிட்ட பாருங்க. மூச்சுக் குழாய் வாசல்ல நிக்குது.

— ஆத்தாடி!

— இதோ, ஐம்பத்தஞ்சாவது படம். இருமினீங்க, மேல வந்துடுச்சு. எல்லாம் அரை நொடிகூட இல்லை.

— அப்போ அந்த இருமல்...

— ஆறு மாசமா அதுதான் உங்களைக் காப்பாத்தியிருக்கு.

— இன்னாங்க, சிரிப்பே நின்னுபோச்சு? அடுத்த மாசம் பந்தயமாச்சே!

— கைய நீட்டு செல்லம்மா. இந்தா.

— அடப்பாவி மனுசா! அஞ்சும் இன்னும் வாயிலயேவா இருக்குது!

— இந்த வருஷம் ரத்தினசாமி ஜெயிக்கட்டும். நானும் டப்பாவுலயே வெச்சிக்கறேன்.