மாணிக்கம் அப்படிச் சாகவில்லை

எங்கள் குப்பத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, நீ பார்த்ததிலேயே மட்டமான படம் எது என்று கேட்டுப் பாருங்கள் ஐயா, உடனே பதில் வரும். நல்ல படம் எது என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். பக்கத்து வீட்டுக் கோமளா, வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கதாநாயகியின் தலையில் மல்லிகைப்பூ கசங்காமல் இருந்த ஒரு படத்தைச் சொல்வாள். ஊர்த் தலைவர் தேசப்பனுக்கு, வில்லன் கடைசியில் மனம் திருந்திச் சாமியாராகப் போன படம். "ஒரு அடிகூட வாங்காம திருந்திட்டான். இதைப் பாக்கறதுக்கா பஸ் ஏறிப் பொன்னேரி போனேன்?" என்று இன்றைக்கும் கேட்பார். என் மனைவி கீதாவுக்கு, அம்மா செத்துப்போகிற எந்தப் படமும் ஆகாது.

எனக்கு ஒரே ஒரு படம்தான். போன வருடம் வந்தது. எங்கள் ஏரியிலேயே எடுத்தது. என் மச்சான் மாணிக்கம் கொலையான கதை. அது ஏன் மட்டம் என்று நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டால் போதும். நீங்கள் கேட்க நினைக்கிற மற்ற எல்லாவற்றுக்கும் அதிலேயே பதில் வந்துவிடும்.

மாணிக்கம் கீதாவின் தம்பி. சாகும்போது முப்பத்தொரு வயது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை ஏரிக்குப் போனவன் திரும்பவில்லை. சனிக்கிழமை முகத்துவாரத்துப் பக்கம் உடல் மிதந்தது. நான்தான் குதித்துக் கரைக்கு இழுத்து வந்தேன். பின்மண்டையில் காயம் இருந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால்தான் வலை போடும் எல்லைக்காக எதிர்க்கரைக்காரர்களோடு எங்கள் ஆட்களுக்குக் கைகலப்பு. ஊருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அன்று மத்தியானம் ஒரு மோட்டார் படகு வேகமாகப் போனதைப் பார்த்தேன் என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான். அதில் நான்கு பேர் இருந்தார்கள், கையில் கத்தி இருந்தது என்பதெல்லாம் ஊரே சேர்த்துக்கொண்டது. அடுத்த வாரம் எங்கள் பையன்கள் அந்தக் கரைக்குப் போய்ப் படகுகளைக் கொளுத்தினார்கள். ஒருவனுக்கு ஒரு கண் போய்விட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை. நான் போக வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

ஹரிஷ் என்கிற தம்பி வந்தது அதற்கு நான்கு வருடம் கழித்து. சென்னைப் பையன், இருபத்தெட்டு வயது, முதல் படம். மாணிக்கத்தின் கதையைப் பத்திரிகையில் படித்தானாம். எங்கள் வீட்டிலேயே மூன்று மாதம் தங்கினான். கீதா அவனுக்கு நண்டு உடைத்துத் தின்னக் கற்றுக்கொடுத்தாள். தம்பி தம்பி என்று உருகினாள். மாணிக்கம் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பாட்டுக் கேட்டுக்கோக்கா என்று தன் கைப்பேசியைத் திறக்கும் எண்ணைக்கூட அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். நல்ல பையன். எதையும் கேட்டு எழுதிக்கொள்வான். காற்று எப்படி மாறும், தண்ணீர் எங்கே கழுத்தளவு, எங்கே முழங்கால், சேறு எங்கே இழுக்கும் என்று எல்லாம் காட்டினேன். ஏரியைப் பற்றி நான் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

படம் வந்த அன்று ஊரே பொன்னேரிக்குப் போனது. மாணிக்கத்தின் மனைவி வசந்தாவை நடுவில் உட்கார வைத்து, நானும் கீதாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம்.

முதல் தவறு, மழை. கொலை நடக்கும்போது திரையில் அப்படி ஒரு மழை. அன்று மழை கிடையாது. மத்தியானம் மூன்று மணி, வெயில், காற்றே இல்லை. தூரத்தில் பசியாவரம் கிராமத்துக் கூரைகள் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தன. படத்தில் நடுராத்திரி ஆக்கிவிட்டான். நான்கு தடியர்கள் அரிவாளோடு வருகிறார்கள். நெஞ்சளவு தண்ணீரில் அரிவாளை வீசினால் எங்கே போகும் என்று யோசிக்க வேண்டாமா? தண்ணீரில் ஒரு ஆளைக் கொல்ல ஒரு ஆள் போதும். நான்கு பேர் இருந்தால் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள்.

இரண்டாவது, வசனம். வெட்டுப்பட்ட பிறகு அந்த நடிகர் மண்ணைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். வசந்தா தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. மாணிக்கம் சாவதற்கு முன் சொன்னது ஆறு வார்த்தை. "மாமா, கால் புதையுது. கையைக் குடு மாமா." அவ்வளவுதான். அதில் அழுகை இல்லை, பயம்கூட இல்லை. உப்பைக் கொடு என்று கேட்கிற மாதிரி கேட்டான்.

மூன்றாவது தவறு நான். படத்தில் மாணிக்கத்துக்கு ஒரு அக்கா புருஷன் வருகிறான். சிரிப்பு நடிகர் ஒருவரைப் போட்டிருந்தான். தடுக்கி விழுவதும், வலையில் தானே மாட்டிக்கொள்வதும்தான் அவருக்கு வேலை. கொலை நடக்கும் நேரத்தில் குடித்துவிட்டுப் படகில் குறட்டை விடுகிறார். திரையரங்கமே சிரித்தது. கோமளா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வசந்தாகூட அழுகையின் நடுவில் சிரித்துவிட்டாள். நான் குடிப்பதில்லை ஐயா. நீங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளலாம்.

ஏன் என்பதிலும் தவறு. படத்தில் எல்லைச் சண்டை, மீன் கம்பெனி, அரசியல்வாதி என்று என்னென்னவோ வந்தது. நடந்தது அதுவல்ல. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டலாம் என்று எங்களுக்கு முறை உண்டு. பாடு என்போம். மாணிக்கம் சாவதற்கு முந்தைய வருடம், கோமளாவின் புருஷனுடைய வலையை யாரோ அறுத்துவிட்டார்கள். நான்தான். அவன் எப்போதும் என் முறைக்கு முந்தின நாள் கட்டி, எடுக்க நேரம் கடத்துவான். ஊர்க்கூட்டத்தில் தேசப்பன் கேட்டபோது எல்லோரும் சும்மா இருந்தார்கள். மாணிக்கம் எழுந்து, "மாமாதான் அறுத்துது. நான் பார்த்தேன்," என்றான். எனக்கு ஒரு வருடம் பாடு இல்லை என்று தீர்ப்பானது.

அதற்காகவா என்று கேட்பீர்கள். அதற்காக இல்லை. உண்மையைத்தானே சொன்னான். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, "என் படகுல வா மாமா. நான் இருக்கசொல்லோ உனக்கு இன்னா கவலை?" என்றான். பதினொரு மாதம் அவன் படகில் போனேன். வலை இழுக்கும்போது, "நீ உக்காரு மாமா, நான் இழுக்கறேன்" என்பான். நல்ல மீனாகப் பொறுக்கி அக்காவுக்கு என்று என் கூடையில் போடுவான். பதினொரு மாதத்தில் ஒரு நாளாவது அவன் என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பான். ஒரு மனிதனை அவ்வளவு நாள் மன்னித்துக்கொண்டே இருக்கக் கூடாது.

வலை கட்டுகிற கழியின் முனையில் இரண்டாகப் பிளந்த கவை ஒன்று இருக்கும். வலை கட்ட இறங்கிச் சேற்றில் மாட்டிக்கொண்டு அவன் கையைக் கேட்டபோது கழியை நீட்டினேன். அவன் பிடிக்க வந்தான். பின்மண்டையில் ஒரு முறை அடித்தேன். அப்புறம் கவையைப் பிடரியில் வைத்து அழுத்தினேன். சரியாகப் பொருந்தியது. சினிமாவில் அரை நிமிடத்தில் தலை தொங்கிவிடுகிறது. உண்மையில் வெகுநேரம் ஆகும். கை தளர்ந்த பிறகும் கால் விடாது. நண்டு பிடிக்கத் திட்டில் இறங்கிவிட்டேன், அவன் தனியாகப் போனான் என்று வீட்டில் சொன்னேன். கூடையில் நண்டும் இருந்தது. கீதா குழம்பு வைத்தாள்.

அந்தப் படம் மூன்றே நாளில் திரையரங்கை விட்டுப் போனது. நம்பும்படியாக இல்லை என்று எல்லோரும் எழுதினார்களாம். எனக்கு ஆச்சரியமில்லை.

நேற்று ஹரிஷ் தனியாக வந்தான். ஆள் பாதியாகிவிட்டான். தாடி. கீதா சந்தைக்குப் போயிருந்தாள்.

"அண்ணா, வேற யார்கிட்டயும் எனக்குக் கேக்கத் தோணல," என்றான். "எல்லாரும் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போனை வெச்சுடுறாங்க. நீ சொல்லு. எங்கண்ணா தப்பு பண்ணேன்?"

"இங்க உக்காந்து சொன்னா புரியாது," என்றேன். "படகுல ஏறு."

அவன் கேட்காவிட்டால் நான் சொல்லியிருக்க மாட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பேசுவதை வீடியோவாகப் பதிவு செய்துகொள்கிறேன் என்று கைப்பேசியைப் படகின் மூக்கில் ஒரு குச்சி வைத்து நிறுத்தினான். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மழை இல்லை. ராத்திரி இல்லை. நான்கு பேர் இல்லை. ஊர்க்கூட்டத்தைச் சொன்னேன், பதினொரு மாதத்தைச் சொன்னேன். பெயரை மட்டும் சொல்லாமல், அக்கா புருஷன் என்றே சொல்லிவந்தேன். அவன் முகத்தில் ரத்தம் திரும்ப ஓடுவதைப் பார்த்தேன். அத்தனை மாதத்தில் முதல் முறையாகச் சந்தோஷப்பட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

"அண்ணா, இதாண்ணா படம்," என்றான். "அன்பா இருந்ததுக்காகவே கொல்றான். எனக்கு ஏண்ணா இது தோணல? இரு, நான் இறங்கறேன். நான் மாணிக்கம், நீ அவன். எங்க நின்னான், எப்படிக் கேட்டான், அப்படியே காட்டு."

சட்டையோடு இறங்கிவிட்டான். நெஞ்சளவு தண்ணீர். நான் காட்டிய இடத்தில் போய் நின்றான்.

"கால் புதையுதுண்ணா," என்று சிரித்தான்.

"அதைத்தான் அவனும் சொன்னான்."

"அப்புறம்?"

"கையைக் கேட்டான்."

ஹரிஷ் கையை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது. "அண்ணா," என்றான், "அவன் கேட்டது உனக்கு எப்படித் தெரியும்?"

எந்த நடிகருக்கும் அந்த முகம் வராது. கழியை எடுத்தேன். அவன் பின்னால் நகரப் பார்த்தான். சேறு விடவில்லை.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணா. சத்தியமா. அக்கா மேல சத்தியமா."

அதை அவன் சொல்லியிருக்கக் கூடாது. மாணிக்கம் அப்படியெல்லாம் பேசவில்லை. நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நிறுத்தியிருந்தால் அவனுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அவன் மாணிக்கத்தைவிட மெலிந்தவன். ஆனாலும் அதே நேரம்தான் ஆனது. ஒரு முறை மேலே வந்துவிட்டான். வாயில் சேறு இருந்ததால் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. மறுபடி அழுத்தினேன்.

கைப்பேசியை நான் தண்ணீரில் போட்டிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கீதா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இது ஹரிஷ் தம்பி போனாச்சே," என்றாள். "வந்துச்சா? சாப்டாமயா போச்சு?"

"இதைத் திற. உன் தம்பி எப்படிப் போனான்னு இதுல இருக்குது," என்றேன்.

அவளுக்குத்தான் அதைப் பார்க்கும் உரிமை அதிகம் என்று எனக்குத் தோன்றியது. கையைக் கழுவிவிட்டு வந்து, எண்ணை அழுத்தித் திறந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பேசியதெல்லாம் தெளிவாகக் கேட்டது. பாதியில் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"என் தம்பி உன்னைக் கூப்டானா?"

"கூப்டான்."

"நீ இன்னா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

ஹரிஷ் அவள் மேல் சத்தியம் செய்கிற இடம் வரை பார்த்தாள். கழி உயர்ந்ததும் நிறுத்தினாள். கைப்பேசியை மடியில் கட்டிக்கொண்டு நேராகத் தேசப்பன் வீட்டுக்கு நடந்தாள். அரை மணி நேரத்தில் ஊரே வாசலில் நின்றது. மாணிக்கத்துக்குப் பாடை கட்டிய அதே பையன்கள்தான் என் கையையும் காலையும் கட்டினார்கள். பல் இரண்டு போனது அப்போதுதான். வசந்தா மட்டும் அடிக்கவில்லை, கிட்டே வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் நீங்கள் வந்தீர்கள்.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஹரிஷின் உடலை அதே இடத்தில் வலைக்கழியில் கட்டி வைத்திருக்கிறேன், அவன் அம்மாவுக்கு முழுதாகக் கிடைக்கட்டும் என்று.

எனக்கு வருத்தம் கீதா விஷயத்தில்தான். அந்தப் பதிவு மொத்தம் நாற்பத்தாறு நிமிடம். அவள் முப்பத்தைந்திலேயே நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவனை நான் படகில் தூக்கிப் போட்டு, துண்டை நல்ல தண்ணீரில் நனைத்து, முகத்தில் இருந்த சேற்றைத் துடைத்து, கண்ணை மூடிவிட்டு, தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறேன். எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது. முழுசாகப் பார்த்திருந்தால் அவள் தேசப்பன் வீட்டுக்குப் போயிருக்க மாட்டாள்.