காய்ந்த மண்ணின் எடை

வகுப்புக்கு நான் தாமதமாகப் போனதே இல்லை, ஐயா. கட்டடக்கலைக் கல்லூரியில் திங்கட்கிழமைதோறும் சூழலைக் கெடுக்காமல் கட்டுவது எப்படி என்று சொல்லித் தருவேன். வியாழக்கிழமை, தொழில் நடத்துவது எப்படி என்று. தவறு தெரிந்த அன்றே கட்டட உரிமையாளருக்குக் கடிதம் போய்விட வேண்டும் என்பேன். மாணவர்கள் அடிக்கோடிட்டு எழுதிக்கொள்வார்கள்.

என் அலுவலகத்தில் பொறியாளராக இருந்தவர் என் மாப்பிள்ளை, ஒரே மகளின் கணவர். தங்கமான பிள்ளை. "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிறதுக்குள்ள சாப்பாடே சிமென்ட்டு மாதிரி இறுகிப் போயிடுது" என்று மகள் எங்களைத் திட்டாத நாள் கிடையாது. கூரைத் தோட்டங்களின் கணக்கை மட்டும் நானே போடுவேன். அதில்தான் எனக்குப் பெயர்.

ஒருநாள் மாப்பிள்ளை பழைய வரைபடத்தோடு வந்து நின்றார். நூலகம் ஒன்றின் கூரைத் தோட்டம்.

"மாமா, இதுல காஞ்ச மண்ணோட எடையைத்தான் போட்டிருக்கு. நனைஞ்சா ஏறுற எடை இல்லையே."

"யாரு போட்டது?"

"நீங்கதான்." எனக்குச் சங்கடமாகிவிடக் கூடாதென்று சிரித்தார். "நான் போட்டிருந்தா இந்நேரம் காதைத் திருகியிருப்பீங்க."

உரிமையாளருக்குக் கடிதமும் எழுதிவிட்டார். என் கையெழுத்துதான் பாக்கி. அதற்கு முன் கூரையைத் தாங்கும் பீம் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று அளந்துவிடலாம் என்றேன். மறுநாள் நூலகத்துக்கு விடுமுறை. உள்ளே வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அதையும் யோசித்தேன். நான் இரக்கமில்லாதவன் அல்ல.

மூன்று நாளாக மழை. மழைநீரைத் தேக்கிச் செடிகளுக்கு விட, அந்தக் கூரையில் மூடித் திறக்கும் வடிகால்கள் வைத்திருந்தேன். மறுநாள் விடிந்ததும் நானே ஏறிப்போய் நான்கையும் மூடினேன். 

பத்து மணிக்கு அவர் உள்ளே போனார். நான் காரிலேயே இருந்தேன். போன் அடித்தது.

"மாமா, மேல ஏதோ நொறுங்குற சத்தம் கேக்குது. வந்துடட்டுமா?"

எனக்கும் கேட்டது. 

"நடு பீமை மட்டும் அளந்துட்டு வந்துடுங்க மாப்பிள்ளை."

"சரி மாமா."

கூரை இடிந்து அவர் மேல் விழுந்த பிறகு, கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். வடிகாலை மூடிவிட்டு மறந்தவர் மாப்பிள்ளைதான் என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து மாதக் கர்ப்பிணி மகள், "நீங்களாவது வெளிய இருந்தீங்களேப்பா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளுக்காகத்தான் செய்தேன். அப்பாவின் பெயர் கெட்டால் அவள் தாங்க மாட்டாள்.

யாரும் கூப்பிடாமல் இன்று நானே உங்கள் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். நேற்று அவளுக்கு அறுவை சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ வார்டு மேல்மாடியில். அதன் கூரையிலும் என் தோட்டம், அதே கணக்கு. காலையிலிருந்து மழை விடவில்லை. அங்கே வடிகாலை யாரும் மூட வேண்டியதில்லை. நான்கு இலை அடைத்தாலே போதும். வேறு வார்டுக்கு மாறச் சொல்லிப் போனில் கெஞ்சினேன்.

"என்னப்பா, சின்னப் பிள்ளை மாதிரி மழைக்குப் பயப்படுறீங்க? இப்பதான் பாப்பா தூங்கினா. உங்க கூரைதானே?" என்று சிரித்தாள்.

நான்தான் கொன்றேன், ஐயா. கையெழுத்துப் போடுகிறேன். காரணம் குடும்பத் தகராறு என்று எழுதிக்கொள்ளுங்கள். முதலில் ஆளனுப்பி, ஏதோ பரிசோதனை என்று சொல்லி மகளையும் குழந்தையையும் கீழே இறக்குங்கள். அவர்கள் இருவரை மட்டும். அந்த வார்டில் இன்னும் பதினோரு தாய்மார்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் இறக்கினால் என் கணக்கை எடுத்துப் பார்ப்பார்கள்.