பத்தொன்பது நாளாக ஒரு புகாரும் இல்லை

…இல்ல மேடம், அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. எச்சரிக்கைங்கறது மனுஷனக் காப்பாத்தறதுக்காக ஏற்பட்டதுன்னு உலகம் பூரா ஒரு நம்பிக்கை இருக்கு. படிச்சவங்களே நம்பறாங்க. இதத் திருத்தாமப் போனா என் கட்ட வேகாது. எச்சரிக்கையால இந்தக் கம்பெனியில இதுவரைக்கும் ஒருத்தர்கூடப் பொழைச்சதில்ல. எச்சரிக்கையப் படிச்சாங்க, எனக்குப் போன் பண்ணாங்க. நடந்தது அவ்வளவுதான்.

உக்காருங்க. நாற்காலி இல்ல, அந்த மெத்த மேல உக்காருங்க. மெத்தக் கம்பெனியில வேலை பாக்கறதுல இது ஒரு சௌகரியம். சாம்பிளுக்குத் தெச்சு மிஞ்சினதெல்லாம் அடித்தளத்துல என் ரூம்லதான் அடுக்குவாங்க. நாலு பக்கமும் மெத்த. கதவத் தட்டினாக்கூடக் கேக்காது. நீங்க எவ்வளவு நேரமாத் தட்டினீங்க?… அடேங்கப்பா! ஏன், வெளிய போர்டு பாக்கலியா? 'கணினி தொடர்பான புகார்களைத் தொலைபேசியில் மட்டும் தெரிவிக்கவும்.' நான் எழுதினதுதான். ஒரு பிழை கண்டுபிடிச்சுச் சொல்லுங்க பாப்போம்.

பரவால்ல, பரவால்ல, செல்போனக் கையில வெச்சுக்கங்க. பாட்டு ஏதோ ஓடுதே? ஓடட்டும். புல்லாங்குழல்தானே, காதுக்கு இதம்.

புதுசா சேந்தவங்க நீங்க. பழைய காலக் கொடுமை உங்களுக்குத் தெரியாது. பழைய காலம்னா ரெண்டு மாசம் முன்னாடி. ஒரு நாளைக்கு நாப்பது போன் மேடம்! நாப்பது! வாயில வெச்ச சோறு எறங்காது. என்னன்னு கேட்டா, 'சார், திரையில ஒரு பெட்டி வந்திருக்கு.' பெட்டியில என்ன இருக்கு? 'இந்தப் பதிப்புக்கான ஆதரவு விரைவில் நிறுத்தப்படும். மேம்படுத்துவது பரிந்துரைக்கப்படுகிறது. தொடரவா?' இது ஒரு வாக்கியமா? யாரு பரிந்துரைச்சா? எதத் தொடரணும்? எழுவாயுமில்ல, செயப்படுபொருளுமில்ல, மொட்டக் கடுதாசி மாதிரி!

வரவேற்புல உக்காந்திருக்கற அம்மா இருக்காங்களே, அவங்க இதப் படிச்சுட்டு பாத்ரூம்ல போய் அழுதிருக்காங்க. 'ஆதரவ நிறுத்தறாங்களாம், பதிமூணு வருஷமா உழைச்சேனே'ன்னு. கொள்முதல்ல மீசைக்காரர் இன்னும் மோசம். ஆமாவும் அழுத்தல, வேண்டாமும் அழுத்தல. மௌஸ் மேல கைய வெச்சு மூணு மணி நேரம் அசையாம இருந்தார். ஏன் சார்னு கேட்டா, 'எத அழுத்தினாலும் நான் சம்மதிச்ச மாதிரி ஆயிடும்ங்க'ங்கறார். டைப் அடிக்கற அக்கா ஒருத்தங்க அந்தப் பெட்டி மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டு, மிச்ச இடத்துல வேலை பாத்தாங்க. அவங்க ஒருத்தங்கதான் புத்திசாலி. இவ்வளவு ஏன், என் மச்சினன், டெலிவரி பிரிவுல இருக்கானே, என் பொண்டாட்டி கூடப் பொறந்தது… பெட்டியப் பாத்ததும் வைரஸ்னு நெனச்சு மெயின் சுவிட்சப் புடுங்கிட்டான். அவன் மெஷின் சுவிட்ச இல்ல. மாடி முழுசுக்கும் உள்ள சுவிட்ச. வீட்டுக்குப் போய் அக்காகிட்ட வேற, 'மாமா எங்கள ஆபத்துல விட்டுட்டு டீ குடிக்கறார்'னு பத்த வெச்சுட்டான். மூணு நாள் எனக்கு வீட்ல டீயே கெடையாது. அது கெடக்கட்டும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், புகார். மேலிடத்துல என்ன முடிவு பண்ணாங்க தெரியுமா? இத்தன புகார் வந்தா இந்த ஆள் எதுக்கு, வேலைய ஒரு வெளிக் கம்பெனிகிட்டக் குடுத்துடலாம்னு. விளம்பரத் தாளக் கொண்டாந்து என் மேஜையிலயே வெச்சாங்க மேடம்! பாருங்க, இதோ. பளபளன்னு. 'ஒரே அழைப்பு, உடனே பதில்.' பல்லக் காட்டிட்டு நாலு பேர் நிக்கறாங்க. கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவன் எங்கயாவது சிரிச்சுப் பாத்திருக்கீங்களா? நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கூட்டம். நானா, அவங்களான்னு தீர்ப்பு. பதினாறு வருஷம் மேடம், இந்த ரூம்ல. வேற எங்க போய் நான் உக்காருவேன்? முதுகு இந்த மெத்தைக்குப் பழகிடுச்சு.

அதனாலதான் 'தாலாட்டு' எழுதினேன்.

பாட்டு இல்ல, ஒரு குட்டி புரோகிராம். பேர் நான் வெச்சது. எல்லா மெஷின்லயும் போட்டு வெச்சுட்டேன். 'மேம்படுத்தவும்'னு எந்தப் பெட்டி வந்தாலும், கண்ணிமைக்கறதுக்குள்ள அதுவே 'பிறகு'ன்னு அழுத்தி மூடிடும். படிக்கறதுக்கு நேரமே இல்ல. படிக்கலேன்னா பயமில்ல. பயமில்லேன்னா போனில்ல. எவ்வளவு எளிமை! முதல் வாரம் நாப்பது போன் பத்தாச்சு. அடுத்த வாரம் மூணு. அப்பறம்… இப்ப பத்தொன்பது நாளா, பூஜ்யம். முழுப் பூஜ்யம் மேடம்! அறிக்கையில போட்டு மேலிடத்துக்கு அனுப்பிட்டேன். அடிக்குறிப்புகூடப் போட்டிருக்கேன்.

நேத்து டீ எடுக்க மேல போனேன். எல்லாரும் போன் ஸ்பீக்கர்ல மெதுவாப் பாட்டு வெச்சு வேலை பாக்கறாங்க. மேஜைக்கு மேஜை. அந்த மீசைக்காரர்கூட! கண்ண மூடிட்டு, தலைய ஆட்டிட்டு… டீய மறந்துட்டு அப்படியே நின்னு பாத்தேன். இந்த நிம்மதிக்கு நான்தானே காரணம்னு. இதையும் அறிக்கையில சேத்தேன், 'ஊழியர்களின் மனநிலையில் கண்கூடான முன்னேற்றம்'னு. அதுலயும் என்ன ஒத்துமை பாருங்க, எல்லாரும் ஒரே பாட்டு. புல்லாங்குழல்…

இப்ப உங்க செல்லுல ஓடுதே, இதேதான்.

…என்ன மேடம்? ஏன் அப்படிப் பாக்கறீங்க? காமிங்க. நீங்க பாட்டுக் கேக்கலியா? யாருக்குப் போன் பண்ணியிருக்கீங்க?

எனக்கா?

எப்பலேருந்து? திங்கக்கெழமையா?

இருங்க, இருங்க. என் போன் நல்லாத்தானே… இல்ல, அடிக்கல. அடிக்கலேன்னா புகார் இல்லேன்னுதானே அர்த்தம்? ஒரு நிமிஷம். தாலாட்டு எதெத மூடுச்சுன்னு ஒரு பட்டியல் எழுதி வெக்கும். நான் படிச்சதில்ல, அத யாரு படிப்பா, ஆயிரக்கணக்குல வரி. இதோ… ம்… 'புகார் எண்ணுக்கான தொலைபேசி மென்பொருளை மேம்படுத்தவும். பதினைந்து முறைக்கு மேல் ஒத்திவைத்தால், அழைப்புகள் இணைக்கப்படாமல் இசை மட்டும் ஒலிக்கும்.' எவ்வளவு தெளிவா எழுதியிருக்கான் பாருங்க! எழுவாய், பயனிலை, எல்லாம் இருக்கு! இவன் ஒருத்தன் எழுதினத மட்டும்…

வரிசையில காத்திருக்கறவங்க… நூத்திப் பதினொண்ணு. முதல்ல இருக்கறது மூணாம் மாடி, மூலை அறை. அது முதலாளி ரூம்.

பதறாதீங்க. நான் பதறல. நேரா அந்த மென்பொருளுக்குள்ள போய் 'சம்மதம்'னு ஒரு அழுத்து, தீந்தது. இதோ பெட்டி வருது… போச்சு. இருங்க, மறுபடி. வருது… போச்சு! சே, நான்தான் எழுதினேன், என்னைவிட வேகமா எழுதியிருக்கேன். சரி, முதல்ல தாலாட்ட நிறுத்திடலாம். நிறுத்து. 'தாலாட்டை நிச்சயமாக நிறுத்தவா?'ன்னு ஒரு பெட்டி கேக்கும், ஆமான்னு சொல்லிட்டா… அதையும் மூடிடுச்சு.

மேடம், உங்க வெரல் எளசு, நீங்க ஒரு தடவ முயற்சி பண்ணுங்க. வரும்போதே அமுக்கணும். இப்ப! …இல்ல. இப்ப! …ம்ஹூம்.

மணி அஞ்சாகப் போகுது. நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம். என் மச்சினனக் கூப்பிட்டு மெயின் சுவிட்சப் புடுங்கச் சொல்லலாம்னா, தேவைப்படறப்ப அவன் புடுங்க மாட்டான். யாருக்காவது போன் பண்ணித்தான் ஆகணும். யாருக்குப் பண்றது? இந்தக் கட்டடத்துல கம்ப்யூட்டர்னா எல்லாரும் எனக்குத்தானே பண்ணுவாங்க.

அந்தப் பளபளத் தாள எடுங்க. உங்களுக்குப் பக்கத்துல, மெத்த மேல. நம்பர் கீழ இருக்கும். உங்க செல்லுலேருந்தே போடுங்க. எனக்குப் போட்டு வெச்சிருக்கற காலக் கட் பண்ணிட்டுப் போடுங்க.

குடுங்க, நான் பேசறேன்.

ஹலோ?

…ஒரே ரிங்ல எடுத்துட்டாங்க மேடம்.